காசிமேடு, தூத்துக்குடி, காசிமேடு: மகள் பிறந்தபின் முதல் வெளியூர்ப் பணி

வியாழன், மணலி

எடை மேடைகளைப் பழுது பார்த்துச் சரிசெய்து கொடுப்பது என் தொழில். லாரியைச் சரக்கோடு நிறுத்தி எடை பார்க்கும் அந்த இரும்பு மேடைகள் மணலி, மாதவரம், எண்ணூர், மீஞ்சூர் என்று வடசென்னையில் எங்கும் இருப்பதால், பெரும்பாலான வேலை வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வரும் தொலைவிலேயே அமைந்துவிடும். மற்ற நாட்கள் தூத்துக்குடி, காரைக்கால், கிருஷ்ணப்பட்டினம் என்று துறைமுக ஊர்களில் கழியும். மகள் பிறந்ததிலிருந்து வெளியூர் வேலை எதையும் ஏற்காமல் தள்ளிவந்தேன். இனியும் தள்ள முடியாத நிலையில் நாளை இரவு தூத்துக்குடிக்குப் புறப்படுகிறேன். வருகிற புதன்கிழமை மகளுக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி. அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடுதான் இந்தப் பயணத்திற்கு ஒப்புக்கொண்டேன்.

என் வீடு காலடிப்பேட்டையில் இருக்கிறது. மனைவியும் மகளும் காசிமேட்டில் மாமனார் வீட்டில் இருக்கிறார்கள். தலைப்பிள்ளை பெற்றவள் மூன்று மாதம் தாய்வீட்டில் இருப்பதும், மாப்பிள்ளை அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போவதும் எங்கள் பக்கத்து வழக்கம். நான் இரவில் தங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது அத்தை சற்றுத் தயங்கினார். பிறகு கூடத்தில் பாய் விரித்துக் கொடுத்தார். நள்ளிரவில் பால் குடித்து முடித்த குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்து, முதுகைத் தடவி, ஏப்பம் விட்டபின் துணி மாற்றித் தூங்கவைக்கும் வேலை சில நாட்களிலேயே என்னுடையதாகிவிட்டது. மனைவிக்கு அதனால் ஒவ்வொரு முறையும் அரைமணி நேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைத்தது. இரண்டு மணிக்கொரு முறை விழிக்கும் உடம்புக்கு அந்த அரைமணி எவ்வளவு பெரியது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களே அறிவார்கள்.

மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. தமிழக அரசின் பெண் ஊழியர்களுக்கு 2021ஆம் ஆண்டு முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். இது போற்றத்தக்க ஏற்பாடு. தனியார் நிறுவனங்களில் வேலை செய்யும் பெண்களுக்கும் 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் உண்டு. தந்தை மத்திய அரசு ஊழியராக இருந்தால் அவருக்கு 15 நாள் உண்டு. தனியாரில் வேலை பார்க்கும் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. நிறுவனம் மனம் வைத்தால் தரும், இல்லாவிட்டால் சேர்த்து வைத்த சொந்த விடுப்பைத்தான் எடுக்க வேண்டும். நானும் அப்படித்தான் எடுத்தேன். தந்தைக்குத் தரும் விடுப்பால் முதலில் தேறுவது பிள்ளை பெற்றவளின் உடம்புதான் என்பதை இந்த வாரங்கள் எனக்குத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. சட்டம் இயற்றுகிறவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

இன்றைய வேலை மணலியில் ஒரு கன்டெய்னர் நிலையத்தில் இருந்தது. 2016 ஜூலை 1 முதல், கப்பலில் ஏற்றப்படும் ஒவ்வொரு கன்டெய்னரின் மொத்த எடையும் ஏற்றுவதற்கு முன்பே சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது உலகக் கப்பல்துறை முழுவதற்குமான விதி. ஆகையால் ஒரு மேடை நின்றுபோனால் அதன் பின்னே டிரெய்லர்கள் வரிசையாக நின்றுவிடும். அப்படி நின்றிருந்த நாமக்கல் பக்கத்து ஓட்டுநர் ஒருவர், நான் மேடைக்கடியில் சிக்கியிருந்த ஜல்லிக்கற்களை எடுத்துக்கொண்டிருந்தபோது அருகில் வந்து உட்கார்ந்து பேசினார். குழந்தை பிறந்திருப்பதைச் சொன்னதும், ஓட்டுநர் உரிமம் வைத்திருந்த உறையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் பென்சிலால் ஒரு சிறு பாதம் வரையப்பட்டிருந்தது. வீட்டில் மகனைத் தாளின்மேல் நிற்கவைத்து வரைந்துகொண்டு வந்ததாம்; பாரிமுனையில் செருப்பு வாங்கும்போது அளவு பார்ப்பதற்காக. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு தாள்கள் இருந்தன, இதைவிடச் சிறிய பாதங்களோடு. “ஒரு விரக்கடை விட்டுத்தான் வாங்கணும்ணே, நான் போறதுக்குள்ள கால் வளர்ந்துடுது” என்றார்.

அந்த மனிதர் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் எத்தனையோ இரவுகளை வண்டியிலேயே கழித்தவர். மகன் வளர்வதைப் பார்க்க அவருக்குக் கிடைப்பது மாதத்தில் சில நாட்கள். அந்தச் சில நாட்களில் உறுதியாகச் செய்யக்கூடிய ஒரு வேலையைத் தனக்கென்று கண்டுபிடித்து வைத்திருந்தார். நாளை ரயில் ஏறப்போகிற எனக்கு அது பெரிய பாடமாகப் பட்டது.

மணலியிலிருந்து திரும்பினால் குளித்து உடை மாற்றாமல் குழந்தையைத் தொடுவதில்லை. லாரிப் புழுதியும் நிலக்கரித் தூசும் சட்டையில் படிந்திருக்கும். காற்றைப் பற்றிய கவலை இந்தப் பகுதியில் பிள்ளை வளர்க்கும் எவருக்கும் நீங்குவதில்லை. 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. மகளைக் காலடிப்பேட்டைக்கு அழைத்துப் போனபின் எந்த அறையில் படுக்கவைப்பது, எந்தச் சன்னலைச் சாத்துவது என்றெல்லாம் இப்போதே யோசித்துவருகிறேன்.

வெள்ளி, காசிமேடு முதல் எழும்பூர் வரை

விடியற்காலையில் மாமாவோடு மீன்பிடித் துறைமுகத்திற்குப் போனேன். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம் மகளுக்குப் பிரசவம் ஆனதிலிருந்து பால்சுறா வாங்கும் பொறுப்பை வேறு யாரிடமும் விடுவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போவதால் இப்போது வரத்து நன்றாக இருக்கிறது. விளக்கொளியில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஐஸ் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு வழிவிட்டு, தரையில் தேங்கிய நீரைத் தாண்டி, மாமா தமக்குப் பழக்கமான அம்மாவிடம் போய் நின்றார். “புள்ள பெத்த பொண்ணுக்கா? இரு, சின்னதா எடுத்துத் தாரேன்” என்று அந்த அம்மா அடியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். விலை பேசவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு என்று கேட்டால் அங்கே பேரம் பேசுவதில்லை என்று மாமா சொன்னார்.

அத்தை அதை மஞ்சள் சேர்த்து வேகவைத்து, சொரசொரப்பான தோலை உரித்து, சதையை உதிர்த்து நீரைப் பிழிந்துவிட்டு, பூண்டும் சின்ன வெங்காயமும் நிறையப் போட்டுப் புட்டாகச் செய்வார். பால்சுறா பால் சுரக்கவைக்கும் என்பது கடற்கரை வீடுகளின் நம்பிக்கை. குழந்தை அடிக்கடி வாய்வைத்துக் குடிப்பதால்தான் பால் ஊறுகிறது, தாய்க்கு நல்ல உணவும் தண்ணீரும் ஓய்வும் வேண்டும் என்று செவிலியர் சொன்னார். இவ்விரண்டுக்கும் இடையே எந்தப் பிணக்கையும் நான் காணவில்லை. எளிதில் செரிக்கும் மீனை அவளைப் பெற்ற தகப்பன் கடற்கரைக்குப் போய் வாங்கிவர, பெற்ற தாய் உதிர்த்துச் சமைத்துச் சூடாகப் பரிமாறும் வீட்டில், பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வும் மனநிறைவும் தாமாகவே கிடைத்துவிடுகின்றன.

பகலில் நான் இல்லாத நாட்களுக்கான ஏற்பாடுகளைச் செய்தேன். துணி நாப்கின்களைத் துவைத்து, மாடியில் வெயிலில் உலர்த்தி, மடித்து வைத்தேன். குடிநீர்க் கேன்களைச் சொல்லிவைத்தேன். தடுப்பூசி அட்டையையும் பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்தபோது தந்த எண்) எழுதிய தாளையும் ஒரே உறையில் போட்டேன். எதிர்வீட்டு ஆட்டோக்காரரிடம் இரவில் கூப்பிட்டாலும் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சுட்டாலோ, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்கினாலோ, எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, என் தொலைபேசிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினேன். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில்தான் மகள் பிறந்தாள். வடசென்னையின் எத்தனையோ குடும்பங்களைப் போல என் தாயும் என்னை அங்கேதான் பெற்றெடுத்தார். அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது செவிலியர் இந்த அறிகுறிகளைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

மனைவியிடம் ஒரு வேண்டுகோளும் வைத்தேன். “குழந்தை எப்படி இருக்கிறாள்” என்று கேட்டால் “நன்றாக இருக்கிறாள்” என்ற பதிலே வரும். அதிலிருந்து தொலைவில் இருப்பவனுக்கு எதுவும் விளங்காது. ஆகவே, பால் குடித்த நேரங்களையும் நனைந்த துணிகளின் எண்ணிக்கையையும் நோட்டில் எழுதிவைக்கக் கேட்டுக்கொண்டேன். ஒரு நாளில் ஆறு துணிகளுக்குக் குறையாமல் நனைந்தால் குழந்தைக்குப் பால் போதுமானதாக இருக்கிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். அத்தை, “எழுதறத நான் பாத்துக்கறேன் மாப்பிள்ளை, அவ தூங்கட்டும்” என்று நோட்டைத் தம் பொறுப்பில் வாங்கிக்கொண்டார்.

மாலையில் ஆட்டோவில் தியாகராயர் கல்லூரி மெட்ரோ நிலையத்திற்கு வந்து சேர்ந்தேன். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது, என்னைப் போலப் பெட்டியும் கருவிப்பையுமாகப் பயணம் போகிறவர்களுக்குப் பேருதவி. சென்ட்ரலில் தடம் மாறி அடுத்த நிலையத்தில் இறங்கினால் எழும்பூர். முத்துநகர் விரைவு ரயிலில் மேல் படுக்கை கிடைத்திருக்கிறது. பெட்டியில் பெரும்பாலோர் பனிமய மாதா திருவிழாவுக்கு ஊர் திரும்புகிறவர்கள். செங்கல்பட்டைத் தாண்டியதும் இதை எழுதத் தொடங்கினேன்.

சனி, தூத்துக்குடி உப்பளம்

நள்ளிரவில் திருச்சிக்கு முன்பு எங்கோ விழிப்பு வந்தது. தோளில் ஏந்தும் நேரம் அது என்று உடம்பு பழகிவிட்டிருந்தது. தொலைபேசியை எடுக்கவில்லை, அந்நேரம் அழைத்தால் தூங்குகிறவர்களை எழுப்பியதாகிவிடும். அத்தை காலையில் நோட்டுப் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார்; பெரிய எழுத்துகளில், நேரமும் அளவும் தெளிவாக இருந்தன. அந்தப் பக்கத்தை மணியாச்சியில் வண்டி நின்றிருந்தபோது திரும்பத் திரும்பப் படித்தேன்.

உப்பளத்தில் ஆடிக்காற்று மணலையும் உப்பையும் சேர்த்து முகத்தில் அடித்தது. தூத்துக்குடி உப்பளங்கள் பெரிதும் நிலத்தடி உவர்நீரை நம்பி நடப்பவை. ஆழ்குழாயில் இறைத்த நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவைத்து, உரிய அடர்த்தி வந்ததும் கடைசிப் பாத்தியில் கட்டினால் உப்பு விளையும். பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள். காற்றும் வெயிலும் மிகுந்த இந்த மாதங்களே அவர்களுக்கு அறுவடைக் காலம். லாரிகள் ஓயாமல் வந்துபோவதால், மேடை ஒரு நாள் நின்றாலும் எல்லோருக்கும் இழப்பு.

புகார் இதுதான்: ஒரே லாரியை மேடையின் முன்பக்கம் நிறுத்தினால் ஓர் எடை, பின்பக்கம் நிறுத்தினால் வேறோர் எடை. மேடையைத் தாங்கி நிற்கும் லோடு செல்கள் ஒவ்வொன்றும் தன்மேல் விழும் பாரத்தை மின்குறியாக மாற்றி ஒரு ஜங்ஷன் பாக்ஸுக்கு அனுப்ப, அங்கே அவை ஒன்றுகூடித் திரையில் எண்ணாகத் தெரிகின்றன. அந்தப் பெட்டிக்குள் உப்பீரம் புகுந்து இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது. ஒரு செல்லின் கேபிள் உறையும் அரிக்கப்பட்டிருந்தது. மேடைக்கும் கரைக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளியில் உப்பு இறுகிக் கல்லாகியிருந்ததால், பாரத்தின் ஒரு பகுதியைக் கரையே தாங்கிக்கொண்டிருந்தது. இறுகிய உப்பை உளியால் பெயர்த்து, நன்னீர் விட்டுக் கழுவி, செல்லை மாற்றி, பெட்டியை உலர்த்தி மூடுவதற்குள் மாலையாகிவிட்டது.

தேநீர் வேளையில் உப்பு வாரும் பெண்கள் கொட்டகை நிழலில் வந்து அமர்ந்தார்கள். இருள் பிரியும் முன்பே வேலைக்கு வந்தவர்கள். அவர்களுள் ஒருவர் ஊரில் மாமியாரிடம் விட்டுவந்த கைக்குழந்தையைப் பற்றிப் பேசினார். பால் கட்டிக்கொண்டு மார்பு வலிக்கும் நேரத்தை வைத்தே பிள்ளை பசித்து அழுதிருக்கும் என்று தெரிந்துகொள்வாராம். கொட்டகைக்குப் பின்னே போய்ப் பாலைப் பீச்சிவிட்டு வருவதாகச் சொன்னார். கணவர் என்ன வேலை என்று கேட்டேன்; அவரும் லாரி ஓட்டுநர்தான். விடுப்புச் சட்டங்களைப் பற்றி வியாழக்கிழமை எழுதியதை நினைத்துக்கொண்டேன். 26 வாரம் என்று சட்டம் சொல்லும் எண், அன்றாடக் கூலிக்கு உப்பு வாருகிற இந்தப் பெண்ணின் வாசலுக்கு வரவில்லை. என்னைப் போன்றவர்கள் தந்தைக்கு விடுப்பு கேட்கும்போது, இவருக்குக் கிடைக்காத விடுப்பையும் சேர்த்துக் கேட்பதே முறை என்று தோன்றுகிறது.

ஞாயிறு, தூத்துக்குடி

வேலை இல்லை. காலையில் பனிமய மாதா பேராலயத்துக் கூட்டத்தைக் கடந்து நடந்து, மனைவி கேட்டிருந்த மக்ரூன் வாங்கினேன். பிரசவித்தவள் இனிப்பு உண்ணலாமா என்று அத்தையிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். “ஒண்ணு ரெண்டு சாப்பிடட்டும்” என்று அனுமதி கிடைத்தது.

மாலை ஏழு மணிக்கு மனைவி அழைத்தபோது பின்னணியில் மகளின் அழுகை விடாமல் கேட்டது. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தூளியில் போட்டு ஆட்டியாயிற்று, இருந்தும் ஒரு மணி நேரமாக நிறுத்தவில்லை. உரம் விழுந்திருக்கும், அதாவது தூக்கும்போது எங்கோ பிசகிச் சுளுக்கியிருக்கும் என்று அத்தை சொல்ல, பக்கத்து வீட்டிலிருந்து உரம் எடுக்கத் தெரிந்த பாட்டியை அழைத்துவரும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவலாம் என்று இன்னொரு யோசனை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் தரக்கூடாது என்று மருத்துவமனையில் சொன்னதை மனைவி எடுத்துச் சொல்ல, தாய்க்கும் மகளுக்கும் இடையே குரல் சற்று உயர்ந்திருந்தது.

இத்தகைய நேரத்தில் தொலைவிலிருந்து தீர்ப்புச் சொல்வது சரியன்று. ஐந்து பிள்ளைகளை வளர்த்த அத்தையின் அனுபவத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இந்த வாரங்களில் எனக்குக் குழந்தையைத் தூக்கவும் குளிப்பாட்டவும் கற்றுத் தந்தவர் அவர். அவரிடமே பேசினேன். ஆறாவது வாரத்தை ஒட்டிய நாட்களில் குழந்தைகளின் அழுகை உச்சத்தை அடைவதும், அதிலும் மாலை நேரத்தில் காரணமின்றி நீண்ட நேரம் அழுவதும், பிறகு மூன்று நான்கு மாதத்திற்குள் படிப்படியாகக் குறைவதும் இயல்பே என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள் என்பதைச் சொன்னேன். வசம்பை நாக்கில் தடவாமல் வளையலாகக் கையில் கட்டலாமே என்று கேட்டேன். சாம்பிராணி விஷயத்திலும் முன்பே இப்படி ஓர் இணக்கம் எங்களுக்குள் உண்டு: மனைவியின் கூந்தலுக்கு முற்றத்தில் புகை காட்டுவது, குழந்தை இருக்கும் அறைக்குக் கொண்டுவராமல் இருப்பது. அத்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, கையில கட்டிடறேன்” என்றார். மாமா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மாடியில் நடந்திருக்கிறார். எட்டரை மணிக்குத் தூங்கிவிட்டாள் என்று செய்தி வந்தது.

அதன்பின் மனைவியோடு வெகுநேரம் பேசினேன், பெரும்பாலும் குழந்தையைப் பற்றி அன்றி அவளைப் பற்றி. பிரசவத்துக்குப் பிந்திய முதல் இரண்டு வாரங்களில் தாய்க்கு அழுகை அழுகையாக வருவது பலருக்கும் நேர்வது. அதற்குமேலும் மனச்சோர்வு நீடித்தால், தூக்கமும் பசியும் போய்விட்டால், மருத்துவரைப் பார்த்தே தீரவேண்டும். இதை எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆகையால் நான் வெளிப்படையாகக் கேட்டுவிடுகிறேன்: சாப்பிட்டாயா, தூங்கினாயா, அழுதாயா, ஏதேனும் பயமாக இருக்கிறதா? இன்று அவள் அலுப்பாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

திங்கள், தூத்துக்குடி

முத்திரை ஆய்வாளர் வரும் நாள். சரிசெய்த மேடையை ஆய்வாளர் சோதித்து முத்திரையிட்ட பிறகே வணிகத்திற்குப் பயன்படுத்தலாம். இருபது கிலோ இரும்புக் கற்களை ஒரு டன்னுக்கு அடுக்கி, மேடையின் ஒவ்வொரு மூலையிலும் வைத்து, எல்லா இடத்திலும் ஒரே எடை காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அதன்பின் லாரியை ஏற்றி மேலே கற்களைச் சேர்த்துப் பெரிய எடைகளிலும் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக அமைந்தது. மாலை ரயிலுக்கு நேரம் இருந்ததால் கருவிகளை நன்னீரில் துடைத்து எண்ணெய் தடவினேன். காலை நோட்டுப் பக்கத்தில் எட்டு ஈரத்துணி.

செவ்வாய், காசிமேடு

எழும்பூரில் இறங்கி நேராக இங்கேதான் வந்தேன். அத்தை வெந்நீர் வைத்திருந்தார். குளித்துவிட்டு வந்ததும் குழந்தையை மடியில் கொடுத்தார்.

நான்கு நாட்களில் முகம் மாறியிருக்கிறது. கன்னம் சற்று உப்பியிருக்கிறது. கண்கள் ஒரு பொருளின்மேல் நிலைக்கின்றன. பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ ஓர் அடித் தொலைவுக்குள் இருக்கும் முகமே தெளிவாகத் தெரியும் என்பதால், காணொலி அழைப்பில் என்னை அவள் சரியாகப் பார்த்திருக்க மாட்டாள். குரலை அறிந்திருப்பாள் என்றே நம்புகிறேன். தினமும் மாலையில் மனைவி தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு அருகில் வைக்க, நான் அன்றைய வேலையை அவளுக்கு விவரித்து வந்தேன். பேசியபடியே மடியில் வைத்திருந்தேன். என் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பகல் முழுவதும் மனைவி உறங்கினாள். பாலுக்கு மட்டும் எழுப்பினேன்.

புதன், தடுப்பூசி நாள்

தமிழ்நாட்டில் அரசு சுகாதார நிலையங்களுக்குப் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். காலை ஒன்பது மணிக்கே எங்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. பெரும்பாலும் அம்மாக்களும் பாட்டிகளும். என்னைத் தவிர இன்னும் இரண்டு அப்பாக்களைப் பார்த்தேன். அவர்களில் ஒருவர் இரவு ஷிப்ட் முடித்துச் சீருடையோடு நேரே வந்திருந்தார்.

முதலில் எடை. செவிலியர் தட்டின்மேல் விரிக்கும் துணியை வைத்துத் திரையைச் சுழியமாக்கி, பிறகு மகளைச் சட்டையில்லாமல் படுக்கவைத்தார். கை கால் அசைவு அடங்கும்வரை காத்திருந்து எண்ணைக் குறித்தார். நான் நாளெல்லாம் செய்யும் வேலையை இவ்வளவு நுட்பமாக வேறொருவர் செய்வதைப் பார்ப்பது மகிழ்ச்சியாக இருந்தது. என் மேடைகள் பத்துக் கிலோவுக்குக் கீழான வேறுபாட்டைக் காட்டமாட்டா. இங்கே பத்துக் கிராமும் கணக்கில் வருகிறது. பிறந்தபோது 2 கிலோ 900 கிராம். முதல் வாரத்தில் பெரும்பாலான குழந்தைகளைப்போல் சிறிது குறைந்து, இரண்டாம் வாரத்தில் பழைய எடைக்கு வந்து, இன்று 4 கிலோ 100 கிராம். இந்த வயதில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறினால் நன்று என்று செவிலியர் மனைவியிடம் சொல்லி, அட்டையில் இருந்த வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைத்துக் காட்டினார். அதைக் கேட்ட அத்தையின் முகம் மலர்ந்தது. அந்த எடையில் அவருடைய பங்கு பெரிது.

இடது மேற்கையில் பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியின் இடத்தில் சிறு கொப்புளம் வந்திருந்தது. ஊசி வேலை செய்வதன் அடையாளம், எதையும் தடவ வேண்டாம் என்றார் செவிலியர். பிறகு போலியோ சொட்டு மருந்தும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். இடது தொடையில் பென்டாவேலண்ட்: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, கல்லீரல் அழற்சி பி, ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் ஒரே ஊசி. வலது தொடையில் நிமோனியாவுக்கான ஊசி. வலது மேற்கையில் தோலுக்குள் போடும் போலியோ ஊசி. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கால்களை அசையாமல் பிடிக்கும்படி செவிலியர் சொன்னதால் நான் பிடித்துக்கொண்டேன். முதல் ஊசிக்கு மகள் மூச்சை இழுத்து நிறுத்தி, முகம் சிவந்து, பிறகு அழுதாள். மூன்றும் முடிந்ததும் மனைவி வாங்கி மார்போடு அணைத்துப் பால் கொடுக்க, சில நிமிடங்களில் அடங்கினாள். அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருந்துவிட்டுப் புறப்பட்டோம்.

மாலையில் உடம்பு இலேசாகச் சுட்டது. இடது தொடை சற்றுத் தடித்திருந்தது. தேய்க்கவோ வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவோ கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் வந்தால் கொடுக்கும்படி எடைக்கேற்ற அளவு குறித்துத் தந்திருந்த பாராசிட்டமால் சொட்டு மருந்தைக் கொடுத்தோம். இரண்டு நாளுக்குமேல் காய்ச்சல் நீடித்தாலோ துவண்டாலோ அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். இன்று இரவு நானும் மனைவியும் முறைவைத்து விழித்திருக்கிறோம். பதினொரு மணிக்கு உடம்பு குளிர்ந்து பால் குடித்தாள், ஏப்பமும் விட்டாள்.

அடுத்த வெளியூர் வேலை கிருஷ்ணப்பட்டினத்தில். பத்தாவது வாரத் தடுப்பூசிக்கு உரிய புதன்கிழமையை மேலாளருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அந்த வாரம் திங்கள் முதல் வியாழன்வரை மணலியிலும் எண்ணூரிலும் உள்ள மேடைகளையே எனக்கு ஒதுக்கும்படி கேட்டிருக்கிறேன். பதிலுக்கு அதற்கு முந்திய வாரம் கிருஷ்ணப்பட்டின வேலையை முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். நோட்டில் இனி மருந்து கொடுத்த நேரத்திற்கும் ஒரு பத்தி வேண்டும் என்று அத்தை கோடு போட்டு வைத்திருக்கிறார்.